சுவானி டீம் இன்னும் ஆடிட்டுத்தான் இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல புரள்ற பணத்தைப் பத்தி முழுப்பக்க கட்டுரை வந்திருந்துச்சு, நல்லா இருந்துச்சு, அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும், ஏன்னா இந்த ஊர் சமாச்சாரத்தைத் தமிழ்ல இவ்வளவு பொறுமையா விளக்கி எழுதுறவங்க கம்மி. (இந்த ஊர்ல ஃபுட்பால்னா நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தைக் கைல தூக்கிக்கிட்டு ஓடற ஆட்டம்.) ஆனா பக்கத்துக்கு அடில ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்களே, அதைப் படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல. சுவானின்னு ஒரு குட்டி யூனிவர்சிட்டி 1899-ல அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச் ஜெயிச்சுதாம், அப்புறம் பெரிய டீமுங்களோட மோத முடியாம காணாமப் போச்சாம். மொத்தமே மூணு வரி, அதுல ரெண்டு தப்பு. முதல் தப்பு சின்னது, ரெண்டாவது தப்புக்காகத்தான் இந்த லெட்டர்.

நான் இருக்கறது அமெரிக்காவுல டென்னசி ஸ்டேட்ல. நாஷ்வில்லேர்ந்து சாட்டனூகா போற ஹைவேல மலை ஏறினா மண்டீகிள்னு ஒரு இடம் வரும், அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கு சுவானி. யூனிவர்சிட்டியோட அஃபிஷியல் பேரு 'யூனிவர்சிட்டி ஆஃப் த சவுத்', பேரைக் கேட்டா என்னமோ பெரிய சாம்ராஜ்யம் மாதிரி இருக்கும், உள்ள போனா ஆயிரத்து எழுநூறு சொச்சம் பசங்கதான் படிக்கறாங்க, ஆனா நிலம் மட்டும் 13,000 ஏக்கர், பெரும்பாலும் காடு. எபிஸ்கோபல் சர்ச்சோட காலேஜ். கல்லு கட்டடம், மணிக்கூண்டு, நல்லா படிக்கற பசங்க இன்னிக்கும் கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு கிளாஸுக்குப் போறாங்க. அந்த கவுனைப் பாத்துட்டு இங்க எவன் ஃபுட்பால் ஆடுவான்னு நினைச்சவன்தான் நானும்.

முதல்ல அந்த சின்னத் தப்பை முடிச்சிடறேன். அஞ்சு மேட்ச், ஆனா ஆறு நாள். 1899 நவம்பர் 9 வியாழக்கிழமை ஆஸ்டின்ல டெக்சஸ் யூனிவர்சிட்டியோட ஆடி 12-0. மறுநாள் ஹூஸ்டன்ல டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0. அதுக்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸ்ல டுலேன், 23-0. 12-ம் தேதி ஞாயித்துக்கிழமை, சர்ச் நடத்தற காலேஜ் ஆச்சே, மேட்ச் கிடையாது. திங்கக்கிழமை பேட்டன் ரூஜ்ல எல்எஸ்யூ, 34-0. செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸ்ல ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி யூனிவர்சிட்டி, 12-0. கூட்டிப் பாருங்க, 91 பாயின்ட் எடுத்திருக்காங்க, அஞ்சு டீமும் சேந்து இவங்க மேல ஒரு பாயின்ட் கூட எடுக்கல. ராத்திரி பூரா ரயில், காலைல இறங்கி மத்தியானம் மேட்ச், திரும்ப ரயில். போக வர சுமார் 2,500 மைல்.

இந்த ஸ்கோரை இன்னிக்கு ரூலை வெச்சு படிக்கக் கூடாதுங்கறதையும் உங்க பெட்டிச் செய்தில ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்போ ஒரு டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு போறதுக்கு, 5 பாயின்ட்தான், 6 இல்ல, அதுக்கப்புறம் உதைக்கற உதை கோல் போஸ்ட்டுக்குள்ள போனா 1, டச்டவுன் இல்லாம நேரா போஸ்ட்டுக்குள்ள உதைக்கற ஃபீல்டு கோல் அடிச்சா அதுக்கும் 5. பந்து கைவிட்டுப் போகாம இருக்கணும்னா இன்னிக்கு நாலு சான்ஸ்ல 10 யார்டு முன்னாடி போகணும், அப்போ மூணு சான்ஸ்ல 5 யார்டு. பந்தை முன்னாடி தூக்கி எறியறதே கிடையாது, அந்த ரூல் 1906-லதான் வந்துச்சு. அப்போ ஆட்டம்னா என்ன, பந்தை ஒருத்தன் நெஞ்சோட கட்டிக்கிட்டு ஓடுவான், மீதிப் பேரு அவனைச் சுத்தி சுவர் மாதிரி நின்னு முட்டித் தள்ளுவாங்க, எதிராளிங்க அந்தச் சுவரை மொத்தமா சாய்ப்பாங்க, கீழ எத்தனை பேர் மேல எத்தனை பேர்னு எழுந்திரிச்சாத்தான் தெரியும். ஹெல்மெட் பெரும்பாலும் கிடையாது, முடியை நீளமா வளத்து வெச்சுக்கறதுதான் பாதுகாப்பு. ஒரு பாதி 35 நிமிஷம்னு ரூல். ஒரு தடவை வெளில போயிட்டா திரும்ப உள்ள வர முடியாது, அதனால அடிபட்டவன் கூட கட்டுப் போட்டுக்கிட்டு அங்கேயே நிப்பான். டெக்சஸ் மேட்ச்ல கேப்டன் ஹென்றி சீபெல்ஸ் மண்டை கிழிஞ்சு ரத்தத்தோட ஆடினார்னு சொல்வாங்க, அந்த மாதிரி ஒரு ஆட்டத்தை ஆடிட்டு ராத்திரி ரயில்ல உக்காந்துக்கிட்டே தூங்கி மறுநாள் இன்னொரு ஊர்ல இன்னொரு ஆட்டம். இதை நினைச்சாலே எனக்கு முதுகு வலிக்குது.

சரி, இவ்வளவு பைத்தியக்காரத்தனமா ஏன் போனாங்க? வீரம், லட்சியம்னு எல்லாம் எழுதுவாங்க, உண்மையான காரணம் பணம். சுவானிக்கு வருஷா வருஷம் நல்ல கலெக்ஷன் கொடுக்கற மேட்ச், நாஷ்வில்ல இருக்கற வாண்டர்பில்ட்டோட ஆடற மேட்ச். அந்த வருஷம் டிக்கெட் காசை எப்படிப் பிரிக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் தகராறு, மேட்சே நடக்கல. அந்த ஓட்டையை அடைக்கணும். டீம் மேனேஜர் லூக் லீன்னு ஒரு ஸ்டூடன்ட், வயசு 20, இவன்தான் தந்தி மேல தந்தி அடிச்சு இந்த அஞ்சு ஊரையும் வளைச்சு ஒரே ட்ரிப்பா போட்டவன். பத்து நாள் விட்டு விட்டு ஆடினா ஹோட்டல் செலவு யார் கொடுக்கறது, அதனால ஒரே மூச்சுல. கடைசில பாத்தா காலேஜ் ஃபுட்பால்ல இன்னிக்கு பணம் பணம்னு நீங்க எழுதறீங்களே, அது புதுசு இல்ல சார், 1899-லயே டிக்கெட் காசு சண்டைலதான் இந்தக் கதையே தொடங்குது.

அந்த லூக் லீ சாதாரண ஆளு இல்ல, ஒரு நிமிஷம் அவரைப் பத்தி சொல்லிட்டுப் போறேன். பின்னாடி 1907-ல நாஷ்வில்ல 'டென்னசியன்' பேப்பரை ஆரம்பிச்சார், 1911-லேர்ந்து 1917 வரைக்கும் அமெரிக்க செனட்டர், முதல் உலகப் போர்ல கர்னல். போர் முடிஞ்சதும் 1919 ஜனவரில கொஞ்சம் ஆளுங்களைக் கார்ல ஏத்திக்கிட்டு ஹாலந்துல ஒளிஞ்சிருந்த ஜெர்மன் சக்ரவர்த்தி கெய்சரையே தூக்கிட்டு வரப் போனார், அந்த அரண்மனைக்குள்ள வரைக்கும் போயிட்டாங்க, கெய்சர் வெளில வரல, கூடப் போனவங்கள்ல ஒருத்தர் அங்கேர்ந்த ஆஷ்ட்ரேவை மட்டும் எடுத்துட்டு வந்தார்னு கதை. அப்புறம் 1930-கள்ல பேங்க் மோசடி கேஸ்ல ஜெயிலுக்கும் போனார். அஞ்சு மேட்ச் டூரை பிளான் பண்ணின மூளை இப்படித்தான் இருக்கும்.

டூர் கிளம்பும்போது ஆட்டக்காரங்க ஷூ மூட்டையை ஊர்லயே விட்டுட்டாங்க, லீ வழில தந்தி அடிச்சு அடுத்த ரயில்ல வரவழைச்சார்னு ஒரு கதை இருக்கு. வெளியூர் தண்ணி ஒத்துக்காம பசங்களுக்கு வயித்தால போயிடக் கூடாதுன்னு மலை ஊத்துத் தண்ணியை ரெண்டு பீப்பாய்ல ரொப்பி ரயில்ல ஏத்திக்கிட்டுப் போனாங்கன்னு இன்னொரு கதை. நூத்தி இருபத்தஞ்சு வருஷமா சொல்லிச் சொல்லி எது நடந்தது எது மெருகுன்னு பிரிக்க முடியாத அளவுக்கு ஆயிடுச்சு. ஆனா தண்ணி பீப்பாய் கதையை நான் நம்பறேன், எங்க வீட்ல எங்க ட்ரிப் போனாலும் முதல்ல கார்ல ஏறுறது தண்ணி கேன்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த வீரக்கதை சொல்றவங்க சட்டுனு தாண்டிடுவாங்க. டீமோட கூடப் போனவங்கள்ல கால் பர்ரோஸ்னு ஒரு கறுப்பினத்தவர் இருந்தார். பசங்களுக்கு கைகால் தேச்சு விட்டு, அடிபட்ட இடத்துக்குக் கட்டுப் போட்டு, மறுநாள் எழுந்து நிக்க வெச்சவர் அவர்தான். அந்த காலேஜ்ல அவரால படிக்க முடியாது, ஆடவும் முடியாது. அந்த யூனிவர்சிட்டியை 1857-ல ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவர் லியோனிடாஸ் போல்க்னு ஒரு பிஷப், அடிமைகளை வெச்சிருந்தவர், சிவில் வார்ல தெற்குப் பக்கம் ஜெனரலா போய் 1864-ல பீரங்கிக் குண்டுல செத்தார். இப்போ யூனிவர்சிட்டியே தன்னோட அந்தப் பழைய கணக்கைத் தோண்டி எடுக்க தனியா ஒரு ஆராய்ச்சித் திட்டம் வெச்சிருக்கு. இரும்பு மனுஷங்கன்னு அந்த டீமுக்குப் பட்டப்பேர் உண்டு, இரும்பைக் காய்ச்சி நிமித்தி விட்டவரையும் அந்த லிஸ்ட்ல சேத்துக்கங்க.

அந்த சீசன் மொத்தம் 12 மேட்ச், பன்னிரண்டும் ஜெயிப்பு. 322 பாயின்ட் எடுத்து வெறும் 10 பாயின்ட்தான் கொடுத்தாங்க. அந்த பத்தையும் ஒரே மேட்ச்ல எடுத்தது ஆபர்ன், நவம்பர் 30-ம் தேதி மான்ட்கமரில, 11-10-ன்னு மயிரிழைல தப்பிச்சது சுவானி. ஆபர்ன் கோச் யார் தெரியுமா, ஜான் ஹைஸ்மன், இன்னிக்கு வருஷா வருஷம் சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கற ஹைஸ்மன் டிராஃபி இருக்கே, அதே ஹைஸ்மன். அம்பயர் எங்களைக் கவுத்துட்டார்னு கோபப்பட்டு அந்த மனுஷன் பேப்பருக்கு லெட்டர் எழுதினார். ஆக, சுவானி விஷயமா எடிட்டருக்கு லெட்டர் போடற பழக்கத்தை நான் ஒண்ணும் புதுசா ஆரம்பிக்கல. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அட்லான்டால நார்த் கரோலினாவை 5-0-ன்னு ஜெயிச்சு சீசனை முடிச்சாங்க.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, இங்க்லீஷ்ல தேடினா ஆயிரம் கிடைக்கும். நான் சொல்ல வந்தது இதுக்கப்புறம் நடந்தது, உங்க பெட்டிச் செய்தி 'காணாமப் போச்சு'ன்னு ஒரே வார்த்தைல முடிச்ச பகுதி.

1899-க்கு அப்புறம் டீம் உடனே ஒண்ணும் விழுந்துடல. 1909-ல தெற்குப் பக்க சாம்பியன் இவங்கதான், அந்த வருஷம் வாண்டர்பில்ட்டையும் சாய்ச்சாங்க. 1924-ல கூட வாண்டர்பில்ட்டை 16-0-ன்னு அடிச்சிருக்காங்க. ஆனா அதுக்குள்ள பக்கத்து ஸ்டேட் யூனிவர்சிட்டி எல்லாம் ஊதிப் பெருத்துடுச்சு. ஆயிரக்கணக்குல பசங்க, பெரிய பெரிய ஸ்டேடியம், ஊர்ல கார் வந்துடுச்சு, ரோடு வந்துடுச்சு, சனிக்கிழமை ஆனா ஜனம் திரண்டு வருது. சுவானி மலை மேல காட்டுக்குள்ள இருக்கு, கொஞ்சம் பசங்க, டிக்கெட் வாங்க ஊரே இல்ல, அதனால பெரிய மேட்ச் எல்லாம் அடுத்தவன் ஊர்ல போய்த்தான் ஆடணும். 1899-ல வித்தையா இருந்த ரயில் பயணம் இப்போ விதியா மாறிடுச்சு.

கான்ஃபரன்ஸ்னா கொஞ்சம் யூனிவர்சிட்டிங்க சேந்து தங்களுக்குள்ள ஆடிக்கற கூட்டமைப்பு. 1932 டிசம்பர்ல நாக்ஸ்வில்ல கூடி பழைய சதர்ன் கான்ஃபரன்ஸ்லேர்ந்து 13 யூனிவர்சிட்டி பிரிஞ்சு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுதான் சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், எஸ்இசி. உங்க கட்டுரைல பணக்காரக் கூட்டம்னு பத்து இடத்துல வர்ற அதே எஸ்இசி. அலபாமா, ஜார்ஜியா, எல்எஸ்யூ, டென்னசி, ஃபுளோரிடா, ஆபர்ன்... இந்தப் பேர்களோட பேரா சுவானியும் ஸ்தாபக உறுப்பினர். நிறைய அமெரிக்கக்காரங்களுக்கே இது தெரியாது, ஆபீஸ்ல அலபாமா வெறியன் ஒருத்தர்கிட்ட சொன்னேன், நம்பவே இல்ல, போன்ல தேடிப் பாத்துட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

எஸ்இசில சுவானியோட ரெகார்டு என்னன்னா, 1933-லேர்ந்து 1940 வரைக்கும் கான்ஃபரன்ஸ் மேட்ச் 37 ஆடினாங்க, முப்பத்தேழும் தோல்வி. ஒரு டிரா கூட கிடையாது. நிறைய மேட்ச்ல ஒரு பாயின்ட் கூட இல்ல. வெளில சின்ன சின்ன காலேஜைப் பாத்து ஒண்ணு ரெண்டு ஜெயிச்சிருக்காங்க, அதோட சரி. எட்டு வருஷம் சார். ஒவ்வொரு சீசனும் புதுசா ஒரு பசங்க செட்டு, நம்ம தாத்தா காலத்துல நாம இவங்களை எல்லாம் வரிசையா அடிச்சோம்னு கதை கேட்டு வளந்தவங்க, அதே எல்எஸ்யூ அதே டுலேன்கிட்ட போய் உதை வாங்கிட்டு வந்தாங்க. 1899 டீமைப் பத்தி பேசறவங்க இந்தப் பசங்களைப் பத்தி பேசறதே இல்ல. ஜெயிக்கறவன் அடுத்த நாள் ரயில் ஏறுறதுல என்ன அதிசயம், ஜெயிச்ச ஜோர்லயே ஏறிடுவான், முப்பது தடவை தோத்தவன் முப்பத்தோராவது தடவை ஷூ கயிறு கட்டுறான் பாருங்க, எனக்கு அவன்தான் பெருசா தெரியுறான்.

இந்த இடத்துலதான் அலெக்சாண்டர் கெரி வர்றார். 1938-ல வைஸ் சான்சலர் ஆனார், சுவானில வைஸ் சான்சலர்னா அவர்தான் எல்லாமும். அப்போ எஸ்இசில ஆட வர்ற பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கறது வெளிப்படையாவே நடந்துச்சு, மத்தவங்க எல்லாம் ஆளு பிடிச்சுட்டு இருந்தாங்க. சுவானி முன்னாடி ரெண்டு வழி, ஒண்ணு கடனோ உடனோ வாங்கி அதே மாதிரி ஆள் பிடிக்கணும், இல்ல கூடாரத்தைக் காலி பண்ணிட்டு ஃபுட்பாலையே மூடணும். கெரி மூணாவது வழி எடுத்தார். ஆடறதுக்காகக் காசு கொடுக்க மாட்டோம், படிக்க வந்தவன் ஆடினா ஆடட்டும், எங்களை மாதிரி இருக்கறவங்களோட ஆடிக்கறோம்னு சொல்லி 1940 டிசம்பர்ல எஸ்இசிய விட்டு வெளில வந்துட்டார்.

மூணாவது வழின்னு நான் ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அதே சமயத்துல சிகாகோ யூனிவர்சிட்டி என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. அது எவ்வளவு பெரிய டீம், முதல் ஹைஸ்மன் டிராஃபி வாங்கின ஜே பெர்வாங்கர் 1935-ல அங்கதான் ஆடிட்டிருந்தார். தோல்வி மேல தோல்வி வந்ததும் 1939 சீசனோட பிரசிடென்ட் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே தூக்கிட்டார், படிப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு. திரும்ப அங்க யூனிவர்சிட்டி டீம்னு வந்தது 1969-லதான். ஹட்சின்ஸ் முடிவைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, பெரிய சிந்தனையாளர்னு. சுவானி பணத்தை மட்டும் வெட்டிட்டு ஆட்டத்தை வெச்சுக்கிச்சு, இது ஹட்சின்ஸ் செஞ்சதை விட கஷ்டம்னு நான் நினைக்கறேன். மூடறதுக்கு ஒரு நாள் துணிச்சல் போதும், சின்னதாகி ஆடறதுக்கு வருஷா வருஷம் துணிச்சல் வேணும், பழைய மாணவர்கள் வருவாங்க, 1899-ல நாம யாரு தெரியுமான்னு நெஞ்சைத் தட்டுவாங்க, அதையும் கேட்டுக்கிட்டு ஆடணும்.

இரண்டாம் உலகப் போர்ல டீம் நின்னுச்சு, 1946-ல திரும்ப ஆரம்பிச்சாங்க, இந்த தடவை சுத்தமா அமெச்சூரா. இதுக்கப்புறம் வர்றது என்னோட ஃபேவரிட் பகுதி. 1957-ல ஷர்லி மேஜர்ஸ்னு ஒரு கோச் வந்தார், பேரைப் பாத்துட்டு பொண்ணுன்னு நினைச்சுடாதீங்க, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஹைஸ்கூல் கோச்சா இருந்தவர். இவர் பையன் ஜானி மேஜர்ஸ் டென்னசி யூனிவர்சிட்டில பெரிய ஸ்டார், 1956 ஹைஸ்மன் ஓட்டுல ரெண்டாவது இடம், பின்னாடி கோச்சா பிட்ஸ்பர்க்கை 1976-ல தேசிய சாம்பியன் ஆக்கினவர். பையன் ஒரு பக்கம் லட்சம் பேர் முன்னாடி, அப்பா ஒரு பக்கம் மலை மேல டாக்டருக்கும் பாதிரியாருக்கும் படிக்கற பசங்களை வெச்சுக்கிட்டு. மத்த டீம் எல்லாம் கைவிட்ட சிங்கிள் விங்னு ஒரு பழைய ஆட்ட முறையை ஆட வெச்சு 1958-ல எட்டுக்கு எட்டு ஜெயிச்சார், 1963-ல திரும்பவும் எட்டுக்கு எட்டு. 1977 வரைக்கும் இருபத்தியோரு சீசன் அங்கேயே இருந்தார். காணாமப் போன டீம் ரெண்டு தடவை தோல்வியே இல்லாம சீசன் முடிக்குமா, நீங்களே சொல்லுங்க.

1970-கள்ல காலேஜ் விளையாட்டை நடத்தற தேசிய அமைப்பான என்சிஏஏ காலேஜுங்களை மூணு டிவிஷனா பிரிச்சப்போ சுவானி மூணாவதுல போய் உக்காந்துச்சு. டிவிஷன் த்ரீல ரூலே அதுதான், ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. கெரி 1940-ல தனியா எடுத்த முடிவு முப்பது சொச்சம் வருஷம் கழிச்சு நூத்துக்கணக்கான காலேஜுக்கு ரூலா ஆயிடுச்சுன்னு கூட சொல்லலாம், நான் கொஞ்சம் ஓவரா சொல்றேனோ என்னவோ.

இப்போ உங்க கட்டுரையோட கணக்குக்கு வர்றேன். எஸ்இசி இப்போ ஒரு யூனிவர்சிட்டிக்கு வருஷத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல பிரிச்சுக் கொடுக்குது. 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட செட்டில்மென்ட் படி ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் ஆட்டக்காரங்களுக்கு நேரடியாவே வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரைக்கும் கொடுக்கலாம். சுவானி அன்னிக்குப் பிடிவாதமா எஸ்இசிலயே ஒட்டிக்கிட்டு இருந்திருந்தா இந்தக் காசு வந்திருக்கும்னு இங்க ஒரு நிரந்தர ஜோக் உண்டு. வாண்டர்பில்ட் அப்படித்தான் இருந்துச்சு, பல வருஷம் எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டு இருந்துச்சு, கடைசில 2024 அக்டோபர் 5-ம் தேதி நம்பர் ஒன் அலபாமாவையே 40-35-ன்னு சாய்ச்சுது, அன்னிக்கு ராத்திரி நாஷ்வில் பசங்க கோல் போஸ்ட்டைப் பேத்து தோள்ல தூக்கிட்டுப் போய் ஆத்துல போட்டாங்க. ஆக ஒட்டிக்கிட்டு இருந்தா இப்படி ஒரு நாள் வரலாம்தான், நான் மறுக்கல. ஆனா ஆயிரத்து எழுநூறு பேர் காலேஜ் அந்த விலையைக் கொடுத்திருந்தா காலேஜா மிஞ்சியிருக்குமாங்கறது வேற கேள்வி. சுவானி அந்தக் காலத்துல வேற எதுல செலவு பண்ணுச்சுன்னு பாருங்க, ஃபுட்பால் ஆரம்பிச்சது 1891, அதுக்கு அடுத்த வருஷமே 'சுவானி ரிவ்யூ'ன்னு ஒரு இலக்கியப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் நிக்காம வருது. நாடகம் எழுதின டென்னசி வில்லியம்ஸ் தன் தாத்தா அங்க படிச்சதுக்காக தன்னோட படைப்பு உரிமையையே இந்த யூனிவர்சிட்டிக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். அவங்களுக்கு ராயல்டி அந்த வழில வருது.

போன வருஷம் அக்டோபர்ல, இலை எல்லாம் நிறம் மாறின சமயம், பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒரு மேட்ச் பாக்கப் போனேன். ஹார்டி-மகீ ஃபீல்டு. 1891-லேர்ந்து அதே இடத்துலதான் ஆடறாங்க, தெற்குல இதை விடப் பழைய காலேஜ் ஃபுட்பால் மைதானம் இல்லன்னு சொல்றாங்க. ஸ்டேடியம்னு கற்பனை பண்ணிடாதீங்க, ஒரு பக்கம் கொஞ்சம் படிக்கட்டு சீட்டு, சுத்தி மரம், புல் சரிவுல நாய்க்குட்டியோட உக்காந்திருக்கற குடும்பங்க. எனக்கு முன்னாடி இருந்த பெரியவர் பேரன் ஆடறான் போல, பேரன் பெஞ்சுலேர்ந்து எழுந்திரிச்சாலே கை தட்டுறார். ஆட்டம் என்னவோ சுமார்தான், பொய் சொல்லக் கூடாது, சுவானி தோத்துப் போச்சு, நல்லாவே தோத்துச்சு. மூணாவது குவார்ட்டர்லயே முடிவு தெரிஞ்சுடுச்சு, ஆனா ஒருத்தரும் எழுந்து போகல. மேட்ச் முடிஞ்சதும் அந்தப் பசங்க அப்படியே வேர்வையோட வந்து அம்மா அப்பா கூட நின்னு பேசிட்டு இருந்தாங்க, ஒருத்தன் கைல கெமிஸ்ட்ரி நோட்டு, திங்கக்கிழமை டெஸ்ட்டாம்.

திரும்பும்போது யூனிவர்சிட்டி கேட் தாண்டறப்போ எங்களுக்கு முன்னாடி போன கார்ல எல்லாரும் கையைத் தூக்கி கூரையைத் தட்டினாங்க. அது அங்கத்துப் பழக்கம், வெளில போறப்போ கூரையைத் தட்டினா காவலுக்கு ஒரு தேவதை கூட வரும்னு ஐதீகம். என் பொண்ணும் தட்டினா. எதுக்குடின்னு கேட்டேன், தோத்தவங்களோட தேவதைக்கு இன்னிக்கு வேலை இருக்காதுப்பா, நம்ம கூட வரட்டும்னா.

அதனால எடிட்டர் சார், ஒரு சின்ன வேண்டுகோள்தான். அந்தப் பெட்டிச் செய்திக்கு திருத்தம் போடும்போது அஞ்சு நாளை ஆறு நாள்னு மாத்துங்க, 'காணாமப் போச்சு'ங்கறதை எடுத்துட்டு '1940-ல தானா வெளில வந்துச்சு, இப்பவும் ஆடிக்கிட்டு இருக்கு'ன்னு போடுங்க. இடம் இருந்தா கால் பர்ரோஸ் பேரையும் சேத்துக்கங்க. இடம் இல்லன்னா ஹைஸ்மன் பேரைத் தூக்கிட்டாலும் பரவால்ல, அவருக்கு டிராஃபி இருக்கு.

இப்படிக்கு,
டென்னசிலேர்ந்து உங்க பேப்பரை ஆன்லைன்ல தினமும் படிக்கற வாசகர்